வழக்குரையும் குளிர்த்தியும்: சிலப்பதிகாரத்திற் பிழை, தண்டம், மன்னிப்பு

பிழை செய்தவரை எவ்வாறு நடத்துவது என்னும் வினா, ஒழுக்க நூலாருக்கும் சட்ட அறிஞருக்கும் மாத்திரம் உரியதன்று. இலக்கியத் திறனாய்வும் அதனை எதிர்கொண்டே ஆகவேண்டும். ஒரு காப்பியம் யாரை ஒறுக்கின்றது, யாரை மன்னிக்கின்றது, யாரை மன்னிக்க வேண்டிய தேவையே இல்லாதவராகக் காட்டுகின்றது என்பன அக்காப்பியம் தோன்றிய சமுதாயத்தின் அமைப்பை அறிவதற்குரிய நம்பகமான சான்றுகளாகும். புலவன் எதைப் போற்றுகிறான் என்பதைக் காட்டிலும், எதைப் போகிற போக்கிற் கூறிக் கடந்து செல்கிறான் என்பது சிலவேளைகளில் அதிகம் உணர்த்தும்.

சிலப்பதிகாரம் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அரசியலிற் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் என்னும் அதன் கோட்பாடு மேடைதோறும் முழங்கப்பட்டு வந்துள்ளது. எனினும் அந்நூலில் நிகழும் பிழைகளையும் அவற்றுக்கு நேரும் விளைவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, விளைவு பிழைக்கு ஏற்ற அளவினதா என வினவும் முயற்சி போதியளவு நிகழவில்லை. இக்கட்டுரையில் நாம் மேற்கொள்வது அம்முயற்சியே. மன்னிப்பும் தண்டமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே, அது விசாரணை என்பது எமது கருத்து. விசாரணை இல்லாதவிடத்துத் தண்டம் பழிவாங்கலாகவும், மன்னிப்பு வலியவர்க்குரிய சலுகையாகவும் சீரழிகின்றன.

1

முதலில் அளவு பற்றிய கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். திருக்குறளின் பொருட்பாலிலே செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் ஆகிய நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்வைப்புமுறை தற்செயலானதன்று. வெருவந்த செய்யாமையின் முதற்குறள் தண்டத்துக்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றது. நிகழ்ந்ததைத் தக்கவாறு ஆராய்தல் வேண்டும். மீண்டும் அது நிகழாமையே நோக்கமாதல் வேண்டும். ஒறுப்பு பிழையோடு ஒத்ததாதல் வேண்டும். அடுத்த குறள் இன்னும் ஒருபடி சென்று, கடுமையாக ஓச்சி மென்மையாக எறியுமாறு ஆள்வோனுக்கு அறிவுறுத்துகின்றது. இதே வள்ளுவர் கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைப் பயிரிடையே களை பிடுங்குதற்கு ஒப்பிட்டவர் என்பதையும் மறைத்தல் தகாது. எனினும் ஆராய்வு, நோக்கம், அளவு என்ற மூன்றையும் ஒருங்கு வைத்த சிந்தனை பெறுமதி வாய்ந்தது.

இதனை மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயத்தோடு ஒப்பிடின் வேறுபாடு புலப்படும். அங்கே பிராமணனை இகழ்ந்த சத்திரியனுக்கு 100 பணம் தண்டம், சூத்திரனுக்கு உடலொறுப்பு. பிராமணன் சூத்திரனை இகழ்ந்தாலோ 12 பணம் போதும். இதுவும் ஓர் அளவுமுறையே. ஆயின் அளக்கப்படுவது செயலன்று, செய்தவனின் பிறப்பு. அளவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நீதி கிடைத்துவிட்டதென மயங்கலாகாது. எதை அளக்கும் கோல், யார் கையிலுள்ள கோல் என்று வினவுதல் அவசியம்.

இவ்வினாவை மாக்ஸ் தமது இளமைக் காலத்திலேயே எழுப்பினார். ரைன் மாகாண சபையிலே, காட்டில் உதிர்ந்து கிடக்கும் விறகைப் பொறுக்குவதையும் களவெனக் கொள்ளும் சட்டம் விவாதிக்கப்பட்டமை பற்றி, 1842இல் அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் இத்துறையில் முக்கியமானவை. செயல்களுக்கிடையேயுள்ள வேறுபாட்டை மறுத்து அனைத்தையும் களவெனும் ஒரே பெயரால் அழைக்கும் சட்டம், ஈற்றிற் களவு என்ற கருத்தையே அழித்துவிடும் என்பது அவர் வாதம். குற்றத்துக்கு ஓர் எல்லை உண்டெனில் தண்டத்துக்கும் எல்லை உண்டு. அச்சபையோ தண்டப்பணத்தையும் காட்டுச் சொந்தக்காரனுக்கே சேர்ப்பித்தது. பொதுநீதி தனியுடைமையின் வருமானமாயிற்று. 1853இல் மரணதண்டனை பற்றி நியூயோர்க்கிலிருந்து வெளிவந்த பத்திரிகையொன்றுக்கு எழுதியபோது, தண்டம் குற்றவாளியின் சுதந்திரத்தை மதிப்பது என்ற ஹெகலின் கொள்கையை அவர் ஆராய்ந்தார். அதன் கவர்ச்சியை ஒப்புக்கொண்டு, கண்ணுக்குக் கண் என்ற பழைய பழிக்குப்பழி நெறியே அங்குத் தத்துவ உடை பூண்டுள்ளது எனக் காட்டினார். குற்றங்களை விளைவிக்கும் சமூக அமைப்பை மாற்றுவது பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதே அவர் முடிபு. வள்ளுவரின் மூன்று நிபந்தனைகளோடு இந்த நான்காவதையும் சேர்த்துக்கொண்டு நாம் காப்பியத்துள் நுழையலாம்.

2

சிலப்பதிகாரத்திற் பாண்டிய அரசு செய்த பிழைகளாக இரண்டும், பாண்டிய நாட்டுப் பொற்கொல்லன் ஒருவன் செய்ததாக ஒன்றும் நம் நோக்கிற்கு உரியவை.

முதலாவது, பலரும் பேசாத வார்த்திகன் கதை. கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறுவது இது. வார்த்திகன் என்னும் பார்ப்பனன் அரசனுக்குரிய புதையற்பொருளைக் கவர்ந்தான் எனப் பொறாமை கொண்ட அரச ஊழியர் குற்றஞ்சாட்டிச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. அரசன் காரணம் வினவினான், உண்மை அறிந்தான். அதன்பின் அவன் செய்தவற்றை வரிசைப்படுத்தி நோக்குதல் வேண்டும். பிழை தனதென ஏற்று நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். தங்கால், வயலூர் என்னும் இரண்டு ஊர்களை வார்த்திகனுக்கு அளித்தான். சிறைக்கோட்டங்களைத் திறப்பித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, இடுபொருளும் படுபொருளும் அவற்றைப் பெற்றவர்க்கே உரியன எனப் பறையறைவித்தான். அதாவது, எச்சட்டத்தின் பெயரால் அப்பார்ப்பனன் சிறைப்பட்டானோ அச்சட்டமே மாற்றப்பட்டது.

விசாரணை, பிழையை ஏற்றல், இழப்பீடு, பிழைக்கு இடங்கொடுத்த ஏற்பாட்டை மாற்றுதல் ஆகிய நான்கும் இங்கு முழுமையாக உள்ளன. இன்றைய நீதிமுறைகள் பலவற்றிலும் ஒருங்கு காணவியலாத நிறைவு இது. பண்டைச் சமுதாயத்துக்கு இத்தகைய சிந்தனை எட்டாதது, நாம் இன்றைய அளவுகோலை அன்றைய காலத்தின்மீது சுமத்துகிறோம் என்று யாரேனும் கூறுவராயின், அவர்க்கு விடை காப்பியத்துள்ளேயே உள்ளது. அச்சமுதாயம் இதனை அறிந்திருந்தது. யாருக்கு வழங்குவது என்பதிலேதான் வேறுபாடு.

இரண்டாவது, கோவலன் கொலை. இங்கு விசாரணை எவ்வாறு தவறுகின்றது என்பதை இளங்கோ நுணுக்கமாகக் காட்டியுள்ளார். அரசியின் ஊடல் தணிக்க விரைந்து செல்லும் அரசன், இடைவழியிற் பொற்கொல்லன் கூறியதைக் கேட்டு, ஆராயாது காவலர்க்கு ஆணையிடுகிறான். ஆனால் காவலரோ கோவலனைக் கண்டு தயங்குகின்றனர். இவன் கள்வனாகத் தோன்றவில்லை என அவர்களுக்குப் படுகிறது. களவுநூல் பேசிப் பொற்கொல்லன் அவர்களை மயக்க முயல்கிறான். இளைஞன் ஒருவன் தான் கண்ட கள்வனொருவனின் கதையைச் சொல்கிறான். ஈற்றிற் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசனிடத்து நிகழாத விசாரணை, அரைகுறையாகவேனும் கடைநிலை ஊழியரிடத்து நிகழ முயன்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆணையின் வேகமும், இவ்வகையினன் கள்வனே என்ற பொதுப்படையான பேச்சும் அதனை முறியடித்தன. தனிமனிதனை வகையாக மாற்றும் அந்தப் பேச்சு, பின்னர் அதே பொற்கொல்லனின் குலத்தின்மீது திரும்பியதே காப்பியத்தின் கசப்பான முரண்.

3

மூன்றாவது நிகழ்ச்சிக்கு வருகிறோம். கோவலனைக் கொல்வித்த குற்றம் ஒரு பொற்கொல்லனுடையது. அவன் பிடிக்கப்பட்டு விசாரிக்கப்பட்டதை நாம் கதைப்போக்கிற் காண்பதில்லை. ஆனால் வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில், மாடலன் செங்குட்டுவனுக்குப் பாண்டிநாட்டு நிலைமையை எடுத்துரைக்கையில், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஒரே பகலில் 1,000 பொற்கொல்லரை உயிர்ப்பலி கொடுத்தான் என்கிறான். நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையும் இதனையே கூறி, களவேள்வியின் பயனாக மழை பெய்தது, நாட்டின் பசியும் நோயும் நீங்கின என்று முடிக்கின்றது. 1,000 கம்மியர் சில அடிகளிற் கொல்லப்பட்டுவிடுகின்றனர். செங்குட்டுவன் அதுபற்றி வருந்தி ஒரு சொல் உரைத்ததாக இல்லை. அவர்களுள் ஒருவருக்கேனும் பெயரில்லை. ஒருவரின் மனைவியேனும் சிலம்பேந்தி அரசவை வாயிலுக்கு வந்ததாக இல்லை.

உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை என்பாரும், வஞ்சிக் காண்டத்தையே ஐயுறுவாரும் உளர். அவ்வாறாயினும் எமது வாதம் தளராது. பிற்காலத்தவர் ஒருவர் இதனைச் சேர்த்தார் எனின், காப்பியத்தின் நீதி நிறைவுற இத்தகைய பலி தேவையென அவர் கருதினார் என்பதே பொருள். இன்னொரு சாரார், இது பழைய பலிச் சடங்கொன்றின் எச்சமேயன்றித் தண்டமன்று என்பர். சடங்கு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் பலிக்குரியோர் யாவர் எனத் தெரிந்தெடுக்கும்போது, பிழை செய்தவனின் தொழிற்குலம் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆணையிட்ட அரசனின் குலம் தெரிந்தெடுக்கப்படவில்லை. அக்குலத்தவனே பலியிடுவோனாகவும் நின்றான்.

இனி, மூன்று பிழைகளையும் அருகருகே நிறுத்துவோம். பார்ப்பனன் சிறைப்பட்டான்; அரசன் வணங்கினான், ஊர்கள் அளிக்கப்பட்டன, சட்டம் மாறியது. வணிகன் கொல்லப்பட்டான், அரசன் உயிர்விட்டான், நகர் எரிந்தது. கம்மியன் ஒருவன் பிழைத்தான். 1,000 கம்மியர் மாண்டனர், மழை பெய்தது. நிலவுடைமையை அடிப்படையாகக்கொண்டு அரசு வலுப்பெற்ற சமுதாயத்திலே, உழைப்பாற் செல்வம் ஆக்கியும் அதிகாரத்தில் இடம்பெறாத கைவினைஞர் எந்நிலையில் வைக்கப்பட்டனர் என்பதை இவ்வரிசை காட்டுகின்றது. உயர்ந்தோர் தனிமனிதராகப் பிழைக்கின்றனர். தாழ்ந்தோர் குலமாகப் பிழைக்கின்றனர்.

கண்ணகியின் தீயும் இவ்விதிக்கு முற்றிலும் விலக்கன்று. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விடுத்துத் தீயோர் பக்கமே சேருமாறு அவள் தீக்கு ஆணையிடுகிறாள். கட்டற்ற சினத்தின் நடுவிலும் அளவு பற்றிய எண்ணம் எழுகின்றது. அது காப்பியத்தின் மேன்மை. ஆயின் பட்டியலிற் பெரும்பகுதி வகைகளின் பட்டியலே. யார் தீயோர் என்பதைத் தீயே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

அரசனுக்கு நேர்ந்ததோ வேறு. அவன் உயிர்விட்டதால் வளைந்த கோல் நிமிர்ந்தது எனச் செங்குட்டுவன் புகழ்கிறான். வாழ்த்துக் காதையிலே தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன், தான் அவன் மகள் என்றே கூறிவிடுகிறாள். பாதிக்கப்பட்டவளின் வாயாலேயே அரசுக்கு முழுமையான மன்னிப்புப் பெற்றுக்கொடுக்கப்படுகிறது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்த அக்கணமே உயிர் நீத்தான். அவ்வகையில் அம்மன்னிப்பிற்கு அவன் ஓரளவு தகுதியுடையவன் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். உணர்ந்து மாளும் அவகாசம் பொற்கொல்லருக்கு அளிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

ஊழ்வினைக் கோட்பாடு இவ்விடத்திலே ஆற்றும் பணியும் கவனிக்கற்பாலது. கோவலன் முற்பிறப்பிற் பரதன் என்னும் அரச ஊழியனாயிருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்க்குற்றஞ்சாட்டிக் கொல்வித்தான். அதன் பயனே இது என மதுராபதி கூறுகிறது. கணக்கு மிகத் துல்லியமானது. பொய்க்குற்றத்தாற் கொன்றவன் பொய்க்குற்றத்தால் மாள்கிறான். இம்மையின் நீதிமன்றத்திற் கிடைக்காத அளவொப்புமை, பிறப்புகளுக்கிடையே கிடைப்பதாகக் காட்டப்படுகிறது. அது துயருற்றவர்க்கு ஆறுதல். ஆள்வோர்க்கோ பொறுப்பிலிருந்து விடுதலை.

4

காப்பியத்திலே உண்மையான மன்னிப்பு எங்கேனும் உண்டா? உண்டு என்பதே எமது விடை. அது அரசவையில் அன்று, மாதரி அளித்த மனையில் நிகழ்கின்றது. கண்ணகி வாய்திறவாது பொறுத்தவள் என அவளைப் போற்றுவோரும் இகழ்வோரும் ஒருசேரக் கூறிவந்துள்ளனர். கொலைக்களக் காதையை ஊன்றிப் படிப்போர்க்கு அது முழு உண்மையன்று என்பது விளங்கும். சிலம்பு விற்கப் புறப்படுமுன் கோவலன் தான் செய்தவற்றைத் தானே எடுத்துக்கூறி வருந்துகிறான். கண்ணகியும் அவன் நடந்துகொண்டது சான்றோர் போற்றா ஒழுக்கம் என்பதை ஒருமுறை, ஒரேயொருமுறை, வெளிப்படையாகச் சொல்கிறாள். பிழை செய்தவன் வாயாலும், பாதிக்கப்பட்டவள் வாயாலும் பிழைக்குப் பெயரிடப்பட்ட பின்னரே அவர்கள் ஒன்றாகின்றனர். ஆணாதிக்கக் குடும்ப அமைப்பின் வரம்புக்குள்ளேயே இது நிகழ்கின்றது. வேறு வழி அவளுக்கு இருக்கவில்லை. எனினும் மறதியும் மன்னிப்பும் ஒன்றல்ல என்பதை அச்சிறு உரையாடல் நிறுவிவிடுகிறது.

நவீன இலக்கியத்தில் இவ்வேறுபாடு குழம்பியமைக்கு ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளலாம். 1966இல் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையிலே, மழைநாளிற் காரில் வந்த செல்வந்த இளைஞனிடம் தன்னை இழந்து வீடு திரும்பும் மாணவியைத் தாய் தலையில் நீரூற்றித் தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொள்கிறாள். அக்காலத்துத் தமிழ் வாசகரை அது அதிர்ச்சிக்குள்ளாக்கியது. அதே நிகழ்ச்சிக்கு எதிரான விளைவு நேர்ந்திருப்பின் என்னவாகும் என்பதை 1970இல் நூலாக வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆராய்ந்தது. அங்கே கங்கா வீட்டிலிருந்து விரட்டப்படுகிறாள். ஒரு மாலைப்பொழுதின் விளைவு அவள் ஆயுள் முழுவதையும் விழுங்குகிறது. பிழைக்கும் விளைவுக்கும் இடையேயுள்ள கொடிய பொருத்தமின்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படைப்புகள் மிகச் சிலவே. அதற்காக அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. தாய் ஊற்றிய நீர் யாருடைய பிழையைக் கழுவியது? மன்னிக்கப்பட்டவள் பிழைக்கப்பட்டவளே. காரில் வந்தவன் சிறுகதையிலிருந்து காரிலேயே போய்விடுகிறான். நாவலில் அவன் பிரபுவாகத் திரும்பி வருகையில் நம் இரக்கத்துக்குரிய பலவீனனாகிவிடுகிறான். அவன் வர்க்கம் அவனுக்கு அளித்த துணிவு, உளவியலின் மென்மையிற் கரைந்துபோகிறது. பிழைத்தவனைப் புரிந்துகொள்ளல் எழுத்தாளனின் கடமை. புரிந்துகொள்ளல் பொறுப்பேற்பித்தலுக்கு மாற்றாகிவிடலாகாது.

எதிர்ப்பக்கத்துக் குறையையும் மறைக்காது கூறவேண்டும். முற்போக்கு எழுத்தின் பெயரால் வந்த கதைகள் பலவற்றிற் கொடுமை செய்த முதலாளியோ நிலக்காரனோ ஈற்றில் விபத்திலோ நோயிலோ மாள்கிறான். அது ஊழ்வினையின் சிவப்புப் பதிப்பேயாகும். இயக்கங்களுக்குள்ளும் சிறிய கருத்து வேறுபாட்டுக்குத் திரிபுவாதி, துரோகி என்ற பெரும்பெயர்கள் சூட்டப்பட்டன. அனைத்தையும் களவென்று அழைத்த ரைன் சபையின் பிழையை நாமும் செய்துள்ளோம். தவறிய தோழரைத் திருத்துவதற்கும் நீக்குவதற்கும் இடையே பல படிகள் உள்ளன என்பதை நாம் மறந்த காலங்கள் இருந்தன.

5

1,000 பொற்கொல்லரின் கதையை நாம் இவ்வளவு வலியுறுத்துவது பழமையாராய்ச்சியின் ஆர்வத்தால் மட்டுமன்று. 1983 ஜூலை 23இல் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். அதன்பின் கொழும்பிலும் பிற இடங்களிலும் அத்தாக்குதலோடு எவ்விதத் தொடர்புமற்ற தமிழர் கொல்லப்பட்டனர். வெலிக்கடைச் சிறையில் மாத்திரம் 53 தமிழ்க் கைதிகள் மாண்டனர். அதனை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தமிழ் ஆயுத இயக்கமாகிய விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். சிலர் மீது சாட்டப்பட்டது அனைவர் மீதும் ஏற்றப்பட்டது. முன்னதைக் கூறுகையில் உரத்தொலிக்கும் எம் குரல், பின்னதைக் கூறுகையில் தாழ்ந்துவிடுமாயின், வெற்றிவேற்செழியனைப் பற்றிப் பேசும் தகுதி எமக்கில்லை.

2009இல் போர் முடிந்தபின் மறப்போம், மன்னிப்போம் என்ற குரல் அதிகார பீடங்களிலிருந்து அடிக்கடி எழுந்தது. 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் அறிக்கையையும் அளித்தது. ஆயின் 2017 தொடக்கம் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரப் பந்தல்களிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை ஏந்தி அமர்ந்தமைக்குக் காரணம், அவர்கள் மன்னிக்க மறுத்தமையன்று. யாரை, எதற்காக மன்னிப்பது என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வார்த்திகனுக்குக் கிடைத்த நான்கினுள் முதலாவதே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்நாட்டிலே கண்ணகி நூலுக்குள் உறைபவள் மட்டுமல்லள். சிங்கள மக்களுக்கு அவள் பத்தினித் தெய்யோ. மட்டக்களப்புப் பிரதேசத்தில் வைகாசி மாதந்தோறும் கண்ணகியம்மன் கோயில்களிற் சடங்கு நிகழும். கதவு திறந்த நாள் முதலாக ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படும். கடைசியிலேயே குளிர்த்தி, அம்மனின் வெம்மை தணிக்கும் சடங்கு அது. உழவரும் பிற உழைப்பாளருமாகிய அம்மக்கள் வகுத்துக்கொண்ட இவ்வொழுங்கை, அரசவைப் புலவரின் ஒழுங்கினும் நீதிக்கு நெருங்கியதாக நாம் காண்கிறோம். அவர்கள் சினத்தை என்றும் எரியவிட விரும்பவில்லை. வெம்மை தணிந்தே ஆகவேண்டும், ஊர் வாழ்ந்தே ஆகவேண்டும். ஆயின் வழக்கை உரைக்காது குளிர்த்தியைத் தொடங்குவதில்லை.

அவ்வழக்குரையிற் பொற்கொல்லர் ஆயிரவரின் வழக்கும் ஒருநாள் சேர்த்துப் பாடப்படல் வேண்டும்.